நிரலாளர் தேர்வும் வன்னி இளைஞரும்

வன்னிநாட்டின் அண்மைக்கால வரலாற்றைப் பரீட்சைகளின் வரலாறு என்று கூறினால் நேயர்களுக்கு வியப்புத் தோன்றலாம். காடும் குளமும் வயலும் நிறைந்த அப்பெருநிலத்திற்கும் பரீட்சை மண்டபத்திற்கும் என்ன தொடர்பு? ஆயினும் கிளிநொச்சி என்னும் ஊர் எவ்வாறு ஊராயிற்று என்பதைச் சற்று நினைவுகூர்ந்தால் அத்தொடர்பு தெளிவாகும். இரணைமடுக் குளம் 1920ஆம் ஆண்டளவில் கட்டி முடிக்கப்பட்டது. 1936ஆம் ஆண்டிலே, யாழ்ப்பாணத்தின் மக்கள் நெருக்கத்தையும் வேலையில்லாத் திண்டாட்டத்தையும் தணிக்கும் பொருட்டுக் கிளிநொச்சியிலே குடியேற்றம் தொடங்கப்பெற்றது. அக்காலத்திலே படித்தவர் யாவரும் நாடியது இலிகிதர் உத்தியோகம். அதற்கோ பரீட்சை உண்டு. பரீட்சைக்குத் தோற்றியவர் பலர், இடங்கள் சில. எஞ்சியோருக்குக் காடு காத்திருந்தது. 1960களின் பிற்பகுதியில் விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் அமைந்த குடியேற்றங்களுக்குப் 'படித்த வாலிபர் திட்டம்' என்றே பெயர் வழங்கிற்று. அரசாங்க உத்தியோகம் கிட்டாத வாலிபர்கள் அங்கே மிளகாயும் வெங்காயமும் பயிரிட்டு, இறக்குமதி தடைப்பட்டிருந்த 1970களின் முற்பகுதியிலே நல்ல ஊதியமும் கண்டனர்.

பரீட்சையிலே இடங்கிடையாதவர் வந்து சேரும் நாடாக அன்று இருந்த வன்னியிலிருந்து, இன்று உலகத்தின் மிகக் கடினமான உத்தியோகப் பரீட்சைகளுள் ஒன்றிற்குப் பிள்ளைகள் ஆயத்தமாகின்றனர். கணினி நிறுவனங்கள் நிரலாளரைத் தெரிந்தெடுக்க நடத்தும் நேர்முகப் பரீட்சையே அது.

இப்பரீட்சை எத்தகையது? பழைய நேர்முகப் பரீட்சையிலே ஊர், பெயர், படிப்பு, முன்னனுபவம் ஆகியவற்றை வினவுவர். இதிலோ தேர்வாளர் ஒரு கணக்கைச் சொல்லிவிட்டு வெண்பலகையைக் காட்டுவார். இணையவழி நடக்குமாயின் இருவருக்கும் ஒருங்கே தோன்றும் திரையைக் காட்டுவார். ஏறக்குறைய நாற்பத்தைந்து நிமிடத்தினுள் அக்கணக்கைத் தீர்க்கும் வழியை வாய்விட்டு விளக்கி, நிரலாக எழுதி, அந்நிரல் எவ்வளவு காலமும் எவ்வளவு நினைவகமும் கொள்ளும் என்பதையும் கூறல் வேண்டும். விடை சரியாயிருந்தால் மட்டும் போதாது, விரைவும் வேண்டும்.

ஓர் எளிய எடுத்துக்காட்டு. வாக்காளர் இடாப்பொன்றிலே பத்து இலட்சம் பெயர்கள் அகரவரிசையில் உள்ளன என்று கொள்வோம். ஒரு பெயரைத் தேடுபவன் முதலிலிருந்து ஒவ்வொன்றாய்ப் பார்த்துச் சென்றால் பத்து இலட்சம் முறை பார்க்கவும் நேரலாம். நடுப்பக்கத்தைத் திறந்து, தேடும் பெயர் முன்னேயா பின்னேயா என்று நோக்கி, வேண்டாத பாதியைத் தள்ளி, எஞ்சிய பாதியின் நடுவை மறுபடியும் திறந்து, இவ்வாறே சென்றால் இருபது முறைக்குள் பெயர் அகப்பட்டுவிடும். இதனை ஈரிடத் தேடல் என்பர். மற்றொன்று: முல்லைத்தீவிலிருந்து வவுனியாவுக்குச் செல்பவன் ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளத்திற்குப் போய்க் கண்டி வீதியிலே ஏறலாம், அல்லது நெடுங்கேணி வழியே புளியங்குளத்திற்கு வந்தும் ஏறலாம். இரண்டில் எது குறுகியது என்பதை அவன் அறிவான். வழிகள் இரண்டல்ல, இரண்டாயிரம் ஆனால் என் செய்வது? இக்கணக்கிற்கு ஒல்லாந்து நாட்டு அறிஞர் டைக்ஸ்ட்ரா 1956இலே, அம்ஸ்ரடாம் நகரத்துக் கோப்பிக் கடையொன்றில் அமர்ந்திருந்தபோது, இருபது நிமிடத்திலே வழிகண்டார். 1959இல் அதனை வெளியிட்டார். அவர் இருபது நிமிடத்திலே கண்டதை இன்றைய மாணவன் நாற்பத்தைந்து நிமிடத்திலே எழுதிக்காட்டுதல் வேண்டும். அவர் கையிலே கோப்பி இருந்தது. எதிரே தேர்வாளர் இருக்கவில்லை என்பதையும் கருதவேண்டும்.

ஆளைச் சோதித்து எடுக்கும் வழக்கம் பழையது. உத்தரமேரூரிலே பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில், முதலாம் பராந்தகன் காலத்திலே பொறிக்கப்பட்ட சாசனங்கள், ஊர்ச்சபைக்குரியோரின் தகுதிகளை வயதும் நிலமும் கல்வியும் குறித்து வகுத்தபின்னரே குடவோலை இட்டதைக் காட்டுகின்றன. சீனத்திலே அரச சேவைக்கான பரீட்சை ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் நிலவி 1905இலேயே ஒழிந்தது. இங்கிலாந்திலே 1854ஆம் ஆண்டின் நோர்த்கோட்-திரெவெலியன் அறிக்கை, சிபாரிசினால் அன்றிப் போட்டிப் பரீட்சையினாலேயே உத்தியோகத்தரை எடுக்கவேண்டும் என்று கூறிற்று. அதன் வழிவந்த எண்ணமே இலங்கைச் சிவில் சேவையையும் இலிகிதர் சேவையையும் ஆண்டது. சிவில் சேவை 1963இல் நிர்வாக சேவையாக மாற்றப்பட்டது, பரீட்சை மாறவில்லை.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் இளவட்டக்கல் என்றொரு கல் கிடக்கும். உருண்டையான அக்கல்லைத் தூக்கித் தோளின்மேல் ஏற்றிப் பின்புறம் எறிபவனுக்கே பெண் கொடுப்பர் என்பது வழக்கு. கல்லைத் தூக்கியவன் குடும்பத்தையும் தூக்குவான் என்பது அன்றையோர் கணிப்புப் போலும். அது எவ்வளவு பொருந்திற்று என்பதை அக்கிராமத்துப் பெண்களிடம் கேட்டிருக்கவேண்டும். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. நிரலாளர் தேர்வின் வரலாற்றிலும் இக்கேள்வியே மீண்டும் மீண்டும் எழுகின்றது.

இரண்டாம் உலகப்போர் நடந்தபோது, 1942 ஜனவரியில், இலண்டன் 'டெய்லி டெலிகிராப்' பத்திரிகை குறுக்கெழுத்துப் போட்டியொன்றை நடத்திற்று. பன்னிரண்டு நிமிடத்தினுள் தீர்த்தவர் சிலருக்குப் பின்னர் அரசாங்கத்திடமிருந்து இரகசிய அழைப்பு வந்தது. பகைவரின் மறைகுறிகளை உடைக்கும் பிளெச்லி பார்க் நிலையத்திற்கே அவர்கள் அழைக்கப்பட்டனர். புதிரை விடுப்பவன் பொறிக்குப் பொருத்தமானவன் என்னும் நம்பிக்கை அக்காலத்திலேயே வேர்கொண்டிருந்தது எனலாம். அமெரிக்காவிலே 'எனியாக்' என்னும் கணினியை முதன்முதல் இயக்க வழிவகுத்தவர் ஆறு பெண்கள்; அவர்கள் கணிதத் திறமையினால் எடுக்கப்பட்டவர்கள். கணினிகள் வணிகத்திற்கு வந்த பின்னரோ நிரலாளர் ஆயிரக்கணக்கில் வேண்டப்பட்டனர். அதற்கென்று பட்டமும் இல்லை, படிப்பும் இல்லை. 1955இல் ஐ.பி.எம். நிறுவனம் ஒரு தகைமைச் சோதனையை வகுத்தது. எண் வரிசைகளை நிரப்பல், உருவங்களின் ஒப்புமை காணல், எண்கணிதக் கணக்குகளைத் தீர்த்தல் ஆகியன அதிலடங்கும். 1962 அளவில் நிரலாளரை எடுத்த நிறுவனங்களுள் நூற்றுக்கு எண்பது ஏதோவொரு சோதனையைக் கையாண்டன என்றும், அவற்றுட் பாதி ஐ.பி.எம். சோதனையையே கையாண்டன என்றும் மதிப்பிட்டனர். 1966இலே உளவியலார் இருவர் நிரலாளர் பலரை ஆராய்ந்து, இவர்கள் புதிர்களில் பெருவிருப்பும் பிறரோடு நெருங்கிப் பழகுவதில் விருப்பின்மையும் உடையவர் என்று எழுதினர். அக்கூற்றுத் தேர்வு முறைக்குள் நுழைந்தது. எனியாக்கை இயக்கிய ஆறு பெண்களின் வழிவந்திருக்கவேண்டிய பலர் வாசலிலேயே நிறுத்தப்பட்டதற்கு இத்தகைய அளவுகோல்களும் ஒரு காரணம் என்று வரலாற்றாசிரியர் கூறுவர்.

1990களிலே மைக்ரோசொப்ட் நிறுவனம் பாதாளச் சாக்கடையின் மூடி ஏன் வட்டமாக உள்ளது என்பது போன்ற வினாக்களால் பெயர்பெற்றது. 2004இலே கூகிள் நிறுவனம் கலிபோர்னியாவின் பெருவீதியொன்றிலே தன் பெயரையும் குறியாது ஒரு விளம்பரப் பலகையை நிறுத்திற்று. கணிதத்திலே 'ஈ' எனப்படும் மாறிலியின் இலக்கங்களுள் தொடர்ச்சியாக வரும் முதற் பத்திலக்கப் பகா எண்ணே அப்பலகை வேண்டிய விடை. அதனைக் கண்டவருக்கு வேறொரு புதிர். அதனையும் தீர்த்தவருக்கு வேலைக்கு விண்ணப்பிக்கும் அழைப்பு. ஒன்பது ஆண்டுகளின் பின், 2013இல், அந்நிறுவனத்தில் ஆட்சேர்ப்பிற்குப் பொறுப்பாயிருந்த லாஸ்லோ பொக் என்பவர், மூளைக்கு வேலை தரும் அப்புதிர்கள் வீண்காலம் என்றும், கேட்பவருக்குத் தாம் கெட்டிக்காரர் என்ற எண்ணத்தைத் தருவதன்றி வேறு பயன் தருவனவல்ல என்றும் வெளிப்படையாகவே கூறிவிட்டார். இளவட்டக்கல்லைக் கீழே வைத்தனர் எனலாம். ஆனால் நிரல் எழுதும் சோதனையை வைக்கவில்லை. அது பின்னும் வலுவடைந்தது.

சோதனை உள்ள இடத்திலே வழிகாட்டி நூலும் தோன்றுவது இயல்பு. 2008இலே கேல் லாக்மன் மக்டவல் என்பவர் இத்தேர்வுக்கென நூலொன்று எழுதினார். 2015இல் வந்த அதன் ஆறாம் பதிப்பிலே 189 வினாக்கள் உள்ளன. லீட்கோட் என்னும் பயிற்சித்தளமும் தோன்றி, பின்னர் பல ஆயிரம் வினாக்கள் கொண்ட களஞ்சியமாக வளர்ந்தது. இதற்கு முன்னரே, 2009இல், திருச்சிராப்பள்ளித் தேசிய தொழினுட்பக் கழகத்திலே படித்த விவேக் இரவிசங்கரும் ஹரி கருணாநிதியும் ஒரு முயற்சியைத் தொடங்கினர். அதுவே பின்னர் ஹாக்கர்ராங்க் எனப் பெயர்பெற்று, நிரல் எழுதும் திறனை நிறுவனங்களுக்காக அளந்து சொல்லும் தராசாயிற்று. கொழும்பிலோ சென்னையிலோ கலிபோர்னியாவிலோ இருக்கும் நிறுவனமொன்று வைக்கும் முதற்படிச் சோதனையைக் காவிரிக்கரையிலே படித்த இருவர் வகுத்தளித்த தராசிலே வன்னிப் பிள்ளை எழுதுவதும் உண்டு.

இனி அப்பிள்ளையின் பக்கம் பார்ப்போம்.

வடமாகாண இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரி 1991இல் அமைந்தது. 1997இல் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாயிற்று. 2021 ஆகஸ்டு முதலாந் திகதி வவுனியாப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. 1990இல் கிளிநொச்சியிலே தொடங்கிய விவசாய பீடம் போரினாலே இடம்பெயர்ந்து அலைந்து, பின்னரே அறிவியல் நகருக்கு மீண்டது. அவ்விடத்திலேயே 2014இல் பொறியியற் பீடமும் 2016இல் தொழினுட்ப பீடமும் எழுந்தன. பொறியியற் பீடத்திலே கணினிப் பொறியியலும் ஒரு துறை. இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிலையமும் 2016இலே அங்கேயே திறக்கப்பெற்றது.

இவ்வாண்டுகளை வெளியுலகின் ஆண்டுகளோடு ஒப்புநோக்கினால் இடைவெளி விளங்கும். மொறட்டுவையிலே கணினி விஞ்ஞான பொறியியற் றுறை 1985இலே தொடங்கிவிட்டது. 2005 முதல் பத்தாண்டுகளில், கூகிள் நடத்திய கோடைகால நிரலாக்கத் திட்டத்திலே உலகப் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றிலும் மிகுதியான மாணவரைச் சேர்த்தது மொறட்டுவைப் பல்கலைக்கழகமே. அதே பத்தாண்டிலே வன்னியின் நிலை என்ன? 2002இல் திறந்த கண்டி வீதி 2006இல் மறுபடியும் மூடிற்று. 2009 ஜனவரியிலே கிளிநொச்சி நகர் பாழ்பட்டது. மே மாதத்திலே முல்லைத்தீவுக் கரையிலே போர் முடிந்தபோது மக்கள் முகாம்களில் இருந்தனர். அந்த 2009ஆம் ஆண்டிலேதான் கொழும்பிலே வளர்ந்த மிலேனியம் ஐ.ரி. என்னும் மென்பொருள் நிறுவனத்தை இலண்டன் பங்குச் சந்தை விலைக்கு வாங்கிற்று. ஒரே தீவு, ஒரே ஆண்டு.

மின்சாரம் இல்லாத ஆண்டுகளிலே வடக்கின் பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கிலே படித்தனர். மண்ணெண்ணெய் அரிதாகையால் போத்தலின் அடியிலே பஞ்சையிட்டு, சில துளி எண்ணெயை ஊறவைத்து, திரியைச் சிறிதாக எரிப்பர். அவ்விளக்கிலே பாடப்புத்தகம் படிக்கலாம். கணினி இயக்க இயலாது. போர் முடிந்தபின் மின்கம்பிகள் வந்தன. 2013 செப்டெம்பரிலே கிளிநொச்சிக்கு யாழ்தேவி மீண்டும் வந்தது. இருந்தும் 2022 மார்ச்சிலே, நாடு கடனில் மூழ்கியபோது, நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை மின்வெட்டு நேர்ந்தது. இணையவழிச் சோதனைக்கு நேரங்குறித்தவன் முதலிலே மின்வெட்டு அட்டவணையைப் பார்க்கவேண்டியதாயிற்று.

இவ்விடத்தே ஆழ்ந்து நோக்கவேண்டிய வேறொன்றும் உண்டு. இலங்கையிலே கலைத்துறை தவிர்ந்த பிற துறைகளிற் பல்கலைக்கழக அனுமதி, நூற்றுக்கு நாற்பது நாடளாவிய திறமையினாலும், ஐம்பத்தைந்து மாவட்ட ஒதுக்கீட்டினாலும், எஞ்சிய ஐந்து வசதி குன்றிய மாவட்டங்களுக்கென்றும் பகுக்கப்படுகின்றது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்றும் அவ்வசதி குன்றிய மாவட்டங்களுள் அடங்கும். ஆசிரியர் பற்றாக்குறையும் ஆய்வுகூடக் குறைவும் உள்ள பாடசாலையிற் படித்த பிள்ளையின் இசட் புள்ளியை அவ்வசதியின்மையோடு சேர்த்து எடைபோடும் ஒழுங்கு அது. அதன் நன்மை தீமைகள் பற்றி நாட்டிலே ஐம்பதாண்டு வாதம் நடந்தாயிற்று. ஆனால் நிரலாளர் தேர்விலே மாவட்டம் இல்லை. முத்தையன்கட்டிலிருந்து வந்தவனையும் கொழும்பு ஏழிலிருந்து வந்தவனையும் அது ஒரே கோட்டிலே நிறுத்துகின்றது. அதிலே ஒருவித நீதி உண்டு. யாருடைய சிபாரிசும் அங்கே செல்லாது. ஒருவித அநீதியும் உண்டு. ஒருவன் பன்னிரண்டு வயதிலே கணினி தொட்டவன். மற்றவன் பல்கலைக்கழகத்திலேயே முதன்முதல் தனக்கென ஒன்றைத் தொட்டவனாகவும் இருக்கக்கூடும். கடிகாரம் இருவருக்கும் நாற்பத்தைந்து நிமிடத்தையே அளக்கின்றது.

பெருந்தடை கணிதமன்று. உயர்தரத்திலே இணைந்த கணிதத்தைத் தமிழிலே கற்றுத் தேறிய பிள்ளைக்கு இக்கணக்குகளின் உள்ளீடு எளிதிற் பிடிபடும். தடை மொழியே. இத்தேர்விலே மனத்துள் எழும் எண்ணத்தை எழும்போதே ஆங்கிலத்திற் சொல்லிக்கொண்டு போகவேண்டும். வாய்மூடி எழுதி முடித்தவனுக்குச் சரியான விடையிருந்தும் புள்ளி குறையும். வகுப்பிலே அடக்கமாயிருப்பதே ஒழுக்கம் என்று பழக்கப்பட்ட பிள்ளைகளுக்கு இது புதுவழக்கம். ஆதலின் இதற்கு ஆயத்தஞ் செய்வோர் தனியறையிலே புத்தகத்தோடு இருத்தல் போதாது. இருவராய் அமர்ந்து, ஒருவர் வினாவ மற்றவர் விளக்கி, பின் இடம்மாறிப் பழகுதல் வேண்டும். முதலிலே தமிழிலே விளக்கிப் பார்த்து, எண்ணம் தெளிந்தபின் ஆங்கிலத்திற்கு மாறுபவர் விரைவிலே தேறுவர். ஆங்கிலத்திலேயே தொடங்குபவர் மொழியோடு போராடிக் கணக்கை மறந்துவிடுவர்.

மனனஞ் செய்யும் பழக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். திண்ணைப் பள்ளிக்கூடத்திலே எண்சுவடி ஓதிய மரபு தமிழருடையது. அதனை இகழவேண்டியதில்லை, பெருக்கல் வாய்ப்பாடு நாவிலே நிற்பவனுக்கே கணக்கிலே கை ஓடும். நிரலாக்கத்திலும் வரிசைப்படுத்தல், தேடல், மரவடிவில் அடுக்கல் ஆகிய சில அடிப்படைகளைப் பிழையின்றி எழுதும் பயிற்சி கட்டாயம் வேண்டும். ஆனால் அறுநூறு விடைகளை மனனஞ் செய்தவன் அறுநூற்றோராவது வினாவிலே நின்றுவிடுவான். கேள்வியைச் சற்றே திருப்பிக் கேட்பது தேர்வாளரின் பழைய தந்திரம். வரிசைப்படுத்திய பட்டியலிலே ஓர் எண்ணைத் தேடு என்பார். எழுதியபின், அதே எண் பலமுறை வந்தால் முதலாவதைத் தேடு என்பார். வழி தெரிந்தவன் ஓரடியை மாற்றி எழுதுவான். விடை மட்டும் தெரிந்தவன் வெண்பலகையைப் பார்த்தபடி நிற்பான்.

அந்த ஈரிடத் தேடலுக்கே ஒரு கதையுண்டு. தளர்ந்த மாணவருக்கு அதனைச் சொல்லலாம். ஜோன் பெண்ட்லி என்னும் அறிஞர், தொழில் செய்துகொண்டிருந்த நிரலாளர்களுக்கே ஓரிரு மணிநேரம் அவகாசங் கொடுத்து இதனை எழுதச் செய்தார். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பிழைவிட்டனர். இத்தேடல் முதன்முதல் வெளிவந்தது 1946இல் என்றும், பிழையற்ற வடிவம் வெளிவர 1962 ஆயிற்று என்றும் அவர் எழுதினார். அதன் பின்னரும் கதை முடியவில்லை. பெண்ட்லி தம் நூலிலே சரியென நிறுவிக்காட்டிய நிரலிலும், ஜாவா மொழியின் நூலகத்திலிருந்த நிரலிலும் ஒரே பிழை ஒளிந்திருந்ததை, ஜாவாவின் அந்நிரலை எழுதிய ஜொஷுவா புளொக் 2006இலே வெளிப்படுத்தினார். நடுவைக் காண இரு முனைகளையும் கூட்டி இரண்டாற் பிரிக்கும்போது, எண்கள் மிகப் பெரியனவாயின் கூட்டுத்தொகை கணினியின் எல்லையைத் தாண்டிவிடுகின்றது, அதுவே பிழை. புளொக் தம் மாணவப் பருவத்திலே பெண்ட்லியின் விரிவுரையைக் கேட்டவர். ஆசானும் மாணவனும் ஒரே பள்ளத்திலே விழுந்தனர். உலகம் பல்லாண்டு கவனிக்கவில்லை. முற்றும் பிழையற்ற நிரலை எதிர்பார்ப்பதிலும், பிழை கண்டபோது தேர்வாளனிடம் அதனை மறையாது சொல்லித் திருத்துபவனை மதிப்பதே நல்ல நிறுவனத்தின் இயல்பு.

தெரியாததைத் தெரியாது என்பது பற்றியும் ஒரு நிகழ்ச்சி. மதுரையிலே பிறந்து சென்னையிலே வளர்ந்த சுந்தர் பிச்சை கூகிள் நிறுவனத்திற்கு நேர்முகப் பரீட்சைக்குச் சென்ற நாள் 2004 ஏப்பிரல் முதலாந் திகதி. அன்று அந்நிறுவனம் தன் ஜிமெயில் என்னும் அஞ்சற் சேவையை அறிவித்திருந்தது. முட்டாள்கள் தினமாகையால் அது வேடிக்கையோ என்று அவர் ஐயுற்றார். அச்சேவையைப் பற்றிக் கேட்டவர்களுக்கெல்லாம் தக்க விடை சொல்ல அவரால் இயலவில்லை. அவர் அதனைக் கண்டதேயில்லை. நான்காமவர் பார்த்ததுண்டா என்று வினவ, இல்லை என்றார். அவர் எடுத்துக் காட்டினார். ஐந்தாமவர் கேட்டபோது பிச்சையிடம் சொல்வதற்கு விடயம் இருந்தது. இந்நிகழ்ச்சியை அவரே பின்னாளிலே கரக்பூர் மாணவரிடையே கூறினார். அவர் சென்றது நிரலாளர் பதவிக்கன்று என்பது உண்மை. ஆயினும் 'இல்லை' என்ற அச்சொல்லின் பயன் எப்பதவிக்கும் ஒன்றே.

2020இன் பெருந்தொற்றுக் காலத்திலே இத்தேர்வுகள் அனேகமாக முழுவதும் இணையவழிக்கு மாறின. அது வன்னிப் பிள்ளைக்கு ஒரு வாய்ப்பாயிற்று; கிளிநொச்சியிலிருந்து கொழும்பு ஏறக்குறைய 330 கிலோமீற்றர், பயணச் செலவும் தங்குமிடமும் மிச்சம். 2022இன் இறுதியிலே உரையாடும் செயற்கை அறிவுக் கருவிகள் வந்தன. வினாவைக் கொடுத்த கணத்திலே விடை எழுதும் அக்கருவிகளைத் திரைக்கு அப்பால் வைத்துக்கொண்டு எழுதுவோர் தோன்றினர். அதனாலே நிறுவனங்கள் சில மீண்டும் நேரிலே அழைக்கத் தொடங்கியுள்ளன. தேர்வின் ஒரு சுற்றாயினும் நேரிலே நடைபெறவேண்டும் என்று 2025இலே கூறியவர்களுள் அந்தச் சுந்தர் பிச்சையும் ஒருவர். ஆகவே முல்லைத்தீவுப் பிள்ளை, நிரலையும் மொழியையும் பழகியதோடு, முதல்நாள் இரவே பேருந்தேறிக் கண்டி வீதி வழியே கொழும்புக்குச் செல்லவும் மறுபடி ஆயத்தமாகவேண்டியுள்ளது.